மேற்றளம் யாருக்கு உரியது?

சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனத் துறைத்தலைவர் மடல் விடுத்திருந்தார். பழைய மாணவர் என்னும் உரிமையால் அவர் கேட்டார். இத்துறையில் எமக்குப் பாடஞ்சொன்ன பெருமக்கள்பால் கொண்ட கடப்பாட்டால் யாம் இசைந்தோம். இலக்கியக் கட்டுரையொன்றையே அவர் எதிர்பார்த்திருப்பார். ஆனால் எம் மேசைமீது இப்போது கிடப்பன ஒரு கொத்தனாரின் மதிப்பீட்டுச் சீட்டும், பன்னிரண்டு வீட்டாரின் வரவு செலவு ஏடுமே ஆகும். அடி அண்ணாமலையில் யாம் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலர் பொறுப்பு சென்ற ஆண்டு எம் தலையில் வந்து விழுந்தது. நினைவெல்லாம் அதிலேயே சுழல்வதால், மாடவீடுகள் சிதைவதையும் அவற்றைப் பேணுவதையும் பற்றியே எழுதத் துணிந்தோம். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

மாடம் தமிழர்க்குப் புதியதன்று. மணமான புதிதில் கோவலனும் கண்ணகியும் உயர்ந்த மாடமொன்றின் இடைநிலையில் இருந்ததாக இளங்கோவடிகள் காட்டுவார். அம்மாடத்தின் மேற்றளம் மழையில் ஒழுகிற்றா, ஒழுகினால் செப்பனிட்டவர் யார் என்பதை அடிகள் கூறவில்லை. வணிகர் பெருமகனின் வீடு. கூற வேண்டிய தேவையும் எழவில்லை. ஒரு மாடம் ஒரு குடும்பத்துக்கே உரியதாய் இருந்த காலம் அது. ஒரே மாடத்தைப் பதினாறு குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் நம் காலத்தில்தான் இவ்வினா பெரிதாகின்றது. 1959-ஆம் ஆண்டு சென்னை மவுண்ட் ரோட்டில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்ட பின்னர், அதனைக் காண்பதற்கென்றே வெளியூரார் பட்டணம் வந்தனர். அது உயர்ந்து நிற்பதை அண்ணாந்து பார்த்தனரேயன்றி, அதற்கு வெள்ளையடிப்பவனை யாரும் பார்த்திலர். கட்டுவது விழா, பேணுவது வேலை. விழாவுக்கு வருவோர் வேலைக்கு வருவதில்லை என்பதை யாம் பிறரிடம் கற்றோமில்லை, எம்மிடமே கற்றோம். அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

1997-ஆம் ஆண்டு, பதினோராண்டுச் சேமிப்பும் வங்கிக் கடனும் கொண்டு சென்னையில் ஒரு வீடு வாங்கினோம். தரைத்தளமும் அதன்மேல் மூன்று தளங்களும் உடைய கட்டடம்; தளத்துக்கு நான்காகப் பதினாறு வீடுகள்; நால்வர் ஏறத்தக்க மின்தூக்கி ஒன்று. எம் வீடு தரைத்தளத்தில். கிரயப் பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்றொரு தொடர் இருந்தது. தமிழாசிரியராய் இருந்தும் அத்தொடரின் பொருளை யாம் உணர்ந்தோமில்லை. மனையில் இத்தனை சதுர அடி எமக்கு என்று மட்டும் கணக்கிட்டுக் கொண்டோம். பிரிக்க இயலாதது எனின் அதிலிருந்து விலகவும் இயலாது என்பது எமக்குத் தோன்றவேயில்லை.

2009-ஆம் ஆண்டு மேற்றளம் ஒழுகத் தொடங்கிற்று. தட்டோடுகளின் இணைப்பு பிளந்து, மழைநீர் உள்ளிறங்கி, மூன்றாம் தளத்து வீடுகளின் கூரையில் நிலப்படம்போலக் கறை படர்ந்தது. மின்தூக்கியின் இழுவடமும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தது. ஓடுகளைப் பெயர்த்துப் புதிதாய்ப் பதிக்கவும் வடம் மாற்றவும் வீட்டுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் என்று சங்கத்தார் வகுத்து, கூட்டம் கூட்டினர். அக்கூட்டத்தில் யாம் எழுந்து பேசினோம். மேடையிலும் வகுப்பிலும் பேசிப் பழகிய நா அன்றோ? “மேற்றளத்தின்கீழ் வாழ்வோர் நால்வர், அதனை அவர்களே பேணட்டும். எமக்கெதற்கு மொட்டைமாடி? மின்தூக்கியில் யாம் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறாத வண்டிக்குச் சீட்டு வாங்குவார் உண்டோ?” என்றோம். அவையில் சிரிப்பு எழுந்தது. தரைத்தளத்தாரும் முதல் தளத்தாருமாக எண்மர் எம் பக்கம் சேர்ந்தனர். தீர்மானம் தோற்றது. எம் வீட்டு வாசலில் செல்லும் கழிவுநீர்க் குழாய் அடைபட்டால், மேல்வீட்டாரும் இதே வினாவை எம்மிடம் கேட்கலாம் என்பது அப்போது எம் அறிவுக்கு எட்டவில்லை. வென்றோம் என்ற மகிழ்ச்சியோடு உறங்கினோம்.

கான்கிரீட் கட்டடம் எவ்வாறு நோய்ப்படுகின்றது என்பதை, பிற்காலத்தில் எம் வீட்டைப் பார்வையிட வந்த பொறியாளர் ஒருவர் விளக்கினார். கலவைக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அக்கலவையின் காரத்தன்மையே காக்கின்றது. வெடிப்பின் வழி நீரும் காற்றும் புகப் புக, அக்காரம் குன்றுகின்றது. சென்னையில் கடற்காற்றின் உப்பும் உடன்சேர்கின்றது. கம்பி துருப்பிடிக்கின்றது. துருவானது தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் அடைப்பது. ஆதலின், உள்ளிருந்தே கலவையை நெம்பித் தள்ளுகின்றது. வெளியே ஒரு மயிரிழை விரிசல் தெரியும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும். விரிசல் வழியே மீண்டும் நீர். நீரால் மீண்டும் துரு. மேலே புகுந்த நீர் மேலேயே நிற்பதும் இல்லை. சுவரையும் தூணையும் பற்றிக்கொண்டு தளந்தளமாய் இறங்கி வருகின்றது. “தண்ணீருக்கு எந்த வீடு யாருடையது என்பது தெரியாது, ஐயா” என்றார் அவர். 2016-இல் எம் நடுக்கூடத்து உத்தரத்தில் கம்பி தெரிந்தபோதுதான் அவரை அழைத்திருந்தோம். ஏழாண்டுகளுக்கு முன் யாம் கொடுக்க மறுத்த ஒன்பதாயிரம் எம் நினைவுக்கு வந்தது.

ஆனால் எம்மை இன்றளவும் உறுத்துவது உத்தரம் அன்று. மூன்றாம் தளத்தில் ஒரு முதியவர் தம் துணைவியாருடன் வாழ்ந்தார். காயல்பட்டினத்தார், மண்ணடியில் மொத்த வணிகக் கடையொன்றில் கணக்கராய் இருந்து ஓய்வு பெற்றவர். அவ்வூரார் மூத்தோரை அழைக்கும் முறையில் அவரை யாமும் ‘காக்கா’ என்றே அழைத்தோம். சீறாப்புராணச் செய்யுள்கள் பல அவருக்கு மனப்பாடம். அஸர் தொழுகை முடித்து மாலையில் கீழே இறங்கி வந்து, எம் வாசலை ஒட்டிய வேப்பமரத்தடிக் கல்லில் அமர்வார். யாம் தேநீர் கொண்டு செல்வோம். உமறுப்புலவரின் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால் மஃரிபு வரை பேச்சு நீளும். வகுப்பறையில் யாம் பெறாத தெளிவைச் சில இடங்களில் அவரிடம் பெற்றோம்.

2010 மழைக்காலத்தில் ஒருநாள் விடியலில் அவர் வீட்டுக் கூரையின் பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து கட்டிலின்மேல் விழுந்தது. அம்மையார் தொழுகைக்கு எழுந்து சென்றிருந்தார். காக்கா ஒளுச் செய்துகொண்டிருந்தார். இருவர்க்கும் ஒன்றும் நேரவில்லை. அன்று மாலையும் கல்லில் வந்து அமர்ந்தார். கூரையைப் பற்றிப் பேசவில்லை. யாமும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மின்தூக்கி நின்றது. மாற்ற வேண்டிய வடத்தை மாற்றாததால், பழுதுபார்க்கும் நிறுவனத்தார் அதனை இயக்க மறுத்துவிட்டனர். காக்காவுக்கு முழங்கால் வலி. முதல் திங்களில் நாளுக்கொரு முறை சுவரைப் பற்றிக்கொண்டு இறங்கினார். பின்னர் வெள்ளிக்கிழமை மட்டும். பின்னர் அதுவும் இல்லை. யாம் எப்போதேனும் மேலே ஏறிச் சென்று பார்ப்போம். “கீழே வந்து உங்களோடு ஒரு தேத்தண்ணி குடிக்கணும் தம்பி” என்பார். அக்கூட்டத்தில் யாம் பேசிய பேச்சை அவர் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர். ஒருநாளும் அதனைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

ஒன்பது திங்கள் கழித்து அவர் கீழே வந்தது சந்தூக்கில்தான். படிக்கட்டின் திருப்பங்கள் குறுகலானவை. ஒவ்வொரு திருப்பத்திலும் சந்தூக்கைத் தலைக்குமேல் உயர்த்திச் சாய்க்க வேண்டியிருந்தது. முன்பக்கத்துக் கால்களுள் ஒன்றை யாம் பிடித்திருந்தோம். மூன்று தளங்கள், ஆறு திருப்பங்கள். அன்றுதான் அப்படிகளை முதன்முதலாக எண்ணினோம்.

இது எம் ஒருவருடைய புன்மை மட்டும் அன்று என்பதைப் பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தோம். அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களின் நடுப்பகுதியில் ‘புரூயிட் ஐகோ’ என்னும் குடியிருப்பு எழுந்தது. ஒவ்வொன்றும் பதினொரு மாடி கொண்ட முப்பத்து மூன்று கட்டடங்கள். எளியோர்க்கு நல்வாழ்வு என்று நாடே புகழ்ந்தது. ஆனால் பராமரிப்புக்கான பணம் குடியிருப்போர் தரும் வாடகையிலிருந்தே வரவேண்டும் என்பது ஏற்பாடு. சிலர் வெளியேற, வாடகை குறைந்தது. வாடகை குறைய, மின்தூக்கியும் விளக்கும் பழுதாயின. அவை பழுதாக, மேலும் பலர் வெளியேறினர். 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கி, 1976-க்குள் முற்றும் இடித்து முடித்தனர். இருபதாண்டுகள்தாம்! அவற்றைத் தகர்த்தது வெடிமருந்து என்பதைவிட அந்தச் சங்கிலி என்பதே பொருந்தும். எம் சென்னை வீட்டிலும் நிகழ்ந்தது அதே சங்கிலிதான். நாலு மாடி அளவில் நிகழ்ந்தது, அவ்வளவே.

தமிழகத்தில் இவ்வினா இன்னும் கூர்மையானது. குடிசை வாழ் மக்களுக்கு மாடவீடு தருவதற்கென 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 2021-இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிற்று. அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அவ்வாரியக் கட்டடம் ஒன்று, இருபத்து நான்கு வீடுகளோடு சரிந்து மண்ணாயிற்று. முப்பதாண்டுகூட நிரம்பாத கட்டடம். விரிசல் பெருகுவதைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து அறுபத்தொருவர் மாண்டது வேறு வகைத் துயரம். அது பிறக்கும்போதே நிகழ்ந்த சாவு. திருவொற்றியூரில் நிகழ்ந்தது கவனிப்பாரற்ற முதுமையின் சாவு. நாளேடுகளில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1994-இல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 2022-இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது. பழுதுற்ற கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் போதும் என்கின்றது அது. முன்னர் ஒருவர் மறுத்தாலும் முட்டுக்கட்டை. நல்ல சட்டமே. ஆயினும் இடித்துக் கட்டுவதற்குச் சட்டம் வழிசெய்த அளவுக்கு, இடிக்காமல் காப்பதற்கு நம் மனம் வழிசெய்யவில்லை. சிங்கப்பூரில் எம் மைத்துனர் இருக்கின்றார். அங்கு மக்களுள் மிகப் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 முதல் கட்டிவரும் அடுக்கு வீடுகளில்தாம் வாழ்கின்றனர். திங்கள்தோறும் நகர மன்றத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவர். அதில் ஒரு பகுதியை, பின்னாளில் வரப்போகும் பெருஞ்செலவுக்கென்று தனி நிதியாக ஒதுக்கியே தீரவேண்டும் என்பது அந்நாட்டு விதி. மின்தூக்கி பழுதாகும் முன்பே அதற்கான பணம் காத்திருக்கும். “உங்கள் தளத்தில் மின்தூக்கி நிற்குமா, நிற்காதா என்று யாராவது கேட்பார்களா?” என வினவினோம். மைத்துனருக்கு எம் வினாவே விளங்கவில்லை.

2019-இல் சென்னை வீட்டை மனை விலைக்கே கொடுத்துவிட்டு அடி அண்ணாமலைக்கு வந்தோம். எம் துணைவியார் அருகிலுள்ள செங்கத்தில் பிறந்தவர். ஓய்வூதியத்துக்கு ஏற்ற விலையில் கிடைத்தது மூன்றாம் தளத்து வீடு, மேற்றளத்துக்கு நேர்கீழ்! யாம் யாரிடம் என்ன பேசினோமோ அதுவே எம்மைத் தேடி வந்தது.

அடி அண்ணாமலை மலையின் மேற்புறத்தில், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அமைந்த சிற்றூர். இங்கிருந்து பார்த்தால் பெரிய கோயிலின் கோபுரம் தெரியாது, மலை மறைத்துக்கொள்ளும். எனினும் கோபுரத்தைப் பற்றி யாம் கற்றது இவ்வூர்க் கொத்தனார் ஒருவரிடந்தான். 2017 பிப்ரவரி 6-இல் நடந்த குடமுழுக்குக்கு முந்திய திருப்பணியில், இராசகோபுரத்தில் சாரம் கட்டி ஏறியவர்களுள் அவரும் ஒருவர். விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்த கோபுரம் அது, 217 அடி உயரம், பதினொரு நிலை. புரூயிட் ஐகோவும் பதினொரு மாடிதான். அது இருபதாண்டில் இல்லையாயிற்று. இது நானூறாண்டுக்கு மேலாக நிற்கின்றது. உள்ளே மக்கள் வாழாத கோபுரத்தைக் குடியிருப்போடு ஒப்பிடலாமா என்று கேட்பார் உளர். கேள்வி ஞாயமே. ஆனால் கொத்தனார் சொன்னது எம்மை ஒப்பிட வைத்தது. பறவைகளின் எச்சத்தில் வரும் ஆல், அரசு விதைகள் சுதையின் இடுக்குகளில் முளைக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குடமுழுக்கு என்னும் மரபு இருப்பதால், சாரம் கட்டியே ஆகவேண்டும், ஏறியே ஆகவேண்டும், ஏறினால் செடி கண்ணில் படும். “செடி சின்னதா இருந்தா ரெண்டு விரலால புடுங்கிடலாம் ஐயா. வேர் உள்ள போயிட்டா செவுத்தையே இல்ல புடுங்கணும்?” என்றார். எம் சென்னைக் கட்டடத்தின் சன்ஷேடில் ஓர் அரசங்கன்று இருந்தது. பத்தாண்டு அதனைப் பார்த்தோம். அழகாய் இருக்கின்றது என்றுகூட ஒருமுறை சொன்னோம்.

கோபுரம் என்பதற்காக எதுவும் தானே நிற்பதில்லை. அதே கிருட்டிணதேவராயர் 1516-இல் திருக்காளத்தியில் எழுப்பிய கோபுரம் 2010 மே 26-ஆம் நாள் இடிந்து விழுந்தது. விரிசல் முன்னரே கண்டிருந்தது.

மக்கள் வாழும் மாடங்களிலும் இவ்வழக்கம் உண்டு என்பதற்கு அரபு நாட்டிலிருந்து ஒரு சான்று. ஏமன் நாட்டு ஹளரமௌத்துப் பள்ளத்தாக்கில் ஷிபாம் என்றொரு மதிற்சூழ் நகர். பதினாறாம் நூற்றாண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் எழுந்த அந்நகரின் வீடுகள் ஏழு அடுக்கு வரை உயர்ந்தவை. அத்தனையும் வெயிலில் உலர்த்திய மண்கல்லால் ஆனவை. சிமெண்டும் இல்லை, கம்பியும் இல்லை. மழையும் காற்றும் சுவரை அரிக்க அரிக்க, மக்கள் மீண்டும் மீண்டும் புதுச்சேறு பூசி, மேற்றளத்துக்குச் சுண்ணச் சாந்திட்டு வந்தனர். மண் வீடு என்பதால் பேணாவிட்டால் கரையும் என்பது அவர்கட்குத் தெரியும். நம் வீடு கான்கிரீட் என்பதால் நாம் ஏமாந்தோம் போலும்! 1982-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற அந்நகர், 2008 வெள்ளத்தால் தாக்குண்டு, உள்நாட்டுப் போர் மூண்ட 2015-இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூசும் கைகள் ஓய்ந்தால் அங்கும் மண் மண்ணாகத்தான் போகும்.

இனி எம் ஏட்டுக்கு வருகின்றோம். பன்னிரண்டு வீடுகளுள் எட்டு எந்நாளும் பூட்டியே கிடக்கும். உரிமையாளர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வாழ்பவர்கள்; பௌர்ணமிக்கு மலை சுற்ற வருவார்கள், ஓரிரவு தங்குவார்கள், மறுநாள் பூட்டிக்கொண்டு போவார்கள். அதனால் எம் சங்கக் கூட்டம் பௌர்ணமியன்று மாலைதான் நடக்கும். நிலவு எழுவதற்குள் கூட்டம் முடிய வேண்டும். இல்லையேல் உறுப்பினர் அனைவரும் கிரிவலத்தில் இருப்பர். தமிழகத்தில் நிலவைப் பார்த்து நாள் குறிக்கும் குடியிருப்புச் சங்கம் வேறெங்கேனும் உண்டோ அறியோம்.

மேற்றளத்தில் வெடிப்பு தெரிகின்றது. எம் படுக்கையறைக் கூரையில் உள்ளங்கை அளவு கறை. கொத்தனார் ஏறிப் பார்த்து, ஓட்டிடுக்கிலிருந்து இரண்டு ஆலங்கன்றுகளைப் பிடுங்கிக் கொண்டுவந்து எம் கையில் கொடுத்தார். ஓடு பெயர்த்துப் பதிக்க ஒரு லட்சத்து எண்பதாயிரம், வீட்டுக்குப் பதினையாயிரம். ஐப்பசி மழைக்குமுன் முடிக்க வேண்டும். ஒன்பது பேர் இசைந்துவிட்டனர். இருவர் பிறகு சொல்வதாகக் கூறியுள்ளனர். தரைத்தளத்தில் வீடுள்ள பெங்களூர் அன்பர் ஒருவர் தொலைபேசியில், “சார், நான் கிரவுண்ட் ஃப்ளோர். எனக்கெதுக்கு சார் மொட்டைமாடி?” என்றார்.

சிறிது நேரம் எம்மால் ஒன்றும் பேச இயலவில்லை. கம்பி, துரு, காரத்தன்மை எல்லாவற்றையும் விளக்க ஆயத்தமாய் இருந்த யாம், அவற்றுள் எதனையும் சொல்லவில்லை. வேப்பமரத்துக் கல்லையும் காக்காவையும் ஆறு திருப்பங்களையும் சொன்னோம். அன்றைய கூட்டத்தில் பேசியவர் யார் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். மறுமுனையில் அமைதி. “பௌர்ணமிக்கு வர்றேன் சார். மேலே ஏறிப் பார்க்கிறேன்” என்று கூறி வைத்துவிட்டார்.

பௌர்ணமிக்கு இன்னும் பதினொரு நாள். கொத்தனாருக்கு முன்பணம் எம் கையிலிருந்து கொடுத்துவிட்டோம். செங்கல் சல்லி நாளை வருகின்றது.